பொன்வண்டைக் கண்ட கண்கள்

தமிழ்நாட்டின் கரிசல் நிலத்திலோ செம்மண் நிலத்திலோ பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்க்குப் பொன்வண்டை அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. மழை பெய்து வேலமரம் துளிர்க்கும் நாட்களில், பள்ளி விட்டு வரும் வழியெல்லாம் நம் கண்கள் அம்மரத்தின் கிளைகளையே துழாவிக்கொண்டிருக்கும். கழுத்துப் புறம் பச்சை மணியென மின்ன, முதுகுப் புறம் புளியங்கொட்டையின் நிறத்தில் பளபளக்க, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உயிர் அங்கே இலையைக் கொறித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத் தீப்பெட்டியில் இட்டு, கொடுக்காய்ப்புளி இலையை உணவாக வைத்து, விடிந்ததும் பெட்டியை மெல்லத் திறந்து முட்டையிட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அக்காலத்தில் அதனினும் பெரிய செல்வம் நமக்கு இருந்ததில்லை.

இன்று நம்மிற் பலர் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் ஜாம்ஷெட்பூரிலும் வாழ்கின்றோம். நம் பிள்ளைகளிற் பலர் இவ்வண்டைப் பார்த்ததே இல்லை. ஆயினும், கழிந்துபோன இளமையை நினைந்து ஏங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இச்சிற்றுயிருக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஓவியர், கோயிற் கைவினைஞர், அரசவை மாதர், அறிவியலார் எனப் பலருடைய கண்ணும் அதன்மேற் பட்டிருக்கிறது. அத்துணை பேர் பார்த்தும், அதன் ஒளியைப் பற்றிய ஓர் எளிய உண்மை நெடுங்காலம் ஐயத்திற்கிடமாகவே இருந்துவந்தது. வண்டை அது வாழும் மரத்திலேயே வைத்துப் பார்த்து எழுதியவர் மிகச் சிலர் என்பதே அதற்குக் காரணம். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதற்கண் நம் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறை. மொழிபெயர்ப்பு நமது தொழில். சில ஆண்டுகளுக்கு முன் காட்டுப் பூச்சிகளின் பட்டியல் ஒன்றைத் தமிழில் ஆக்கும் பணி நம்மிடம் வந்தது. ஓர் ஆங்கிலப் பெயரில் நகையைக் குறிக்கும் சொல்லும் வண்டைக் குறிக்கும் சொல்லும் இணைந்து நின்றன. நாமும் அகராதியைப் புரட்டி, 'அணிகலன் வண்டு' என்று ஒரு சொல்லை வார்த்தெடுத்து, அது இலக்கணத்துக்குப் பொருந்தியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து, தாளை ஒப்படைத்துவிட்டோம். அன்று மாலை, ஊரிலிருந்து வந்து நம்முடன் தங்கியிருந்த அன்னையாருக்குப் பட்டியலில் இருந்த படத்தைக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்த அவர், "என்னப்பா, நம்ம பொன்வண்டுக்கா இவ்வளவு பெரிய பேர் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். தீப்பெட்டியில் வைத்து நாமே வளர்த்த உயிரின் பெயர், அதன் படத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதியபோதும் நம் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் திருத்தம் செய்யச் சென்றபோது தாள் அச்சுக்குப் போய்விட்டிருந்தது.

அந்த வெட்கமே இவ்வண்டின் வரலாற்றைத் தேடும்படி நம்மைத் தூண்டியது. தேடல் நெடுந்தொலைவு போகவில்லை. தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பசோலி ஓவியங்கள் உள்ளன. பசோலி என்பது ஜம்முவை அடுத்த கத்துவா மாவட்டத்தில், ராவி ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர். முற்காலத்தில் மலைநாட்டு அரசு ஒன்றின் தலைநகராக விளங்கியது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஓர் ஓவிய மரபு தழைத்தது. செந்நிறக் கரை, கண்ணைப் பறிக்கும் மஞ்சட் பின்னணி, தாமரையிதழ் போல் நீண்ட விழிகள் ஆகியவற்றைக் கண்டவுடனே இது பசோலி என்று சொல்லிவிடலாம்.

அவ்வோவியர்கள் தெய்வங்களுக்கும் தலைவியர்க்கும் நகை பூட்டிய விதம் தனித்தன்மை உடையது. முத்து வேண்டிய இடத்தில் வெண்சாயத்தைத் துளித்துளியாகப் புடைத்து நிற்கும்படி வைத்தனர். மரகதம் வேண்டிய இடத்திலோ சாயத்தைத் தொடவேயில்லை. பொன்வண்டின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டுகளின் மேற்சிறகை, அதாவது பறக்கும் மென்சிறகை மூடிக் காக்கும் தடித்த ஓட்டை, சிறுசிறு துணுக்குகளாக நறுக்கித் தாளின்மேல் ஒட்டினர். 1660-70 ஆண்டுகளை ஒட்டித் தீட்டப்பட்டவை எனக் கருதப்படும் தேவி உருவத் தொகுதியிலும், பானுதத்தரின் 'ரசமஞ்சரி' என்னும் வடமொழி நூலைத் தழுவிய தொகுதியிலும் இவ்வேலைப்பாட்டைக் காணலாம். ரசமஞ்சரி தலைவன் தலைவியரை அவர்தம் மனநிலைக்கேற்ப வகைப்படுத்தும் நூல். அகத்திணை பயின்ற நமக்கு அதன் போக்கு அயலானதன்று.

இவ்வகை ஓவியங்கள் சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையில் ஏந்திப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. தாளைச் சற்றே சாய்த்தால் தலைவியின் கழுத்தில் பச்சை ஒளி எழும், நேராக்கினால் அடங்கும். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையில் தாள் அசையாது கிடக்கும். ஆதலால் நாம்தான் தலையை இப்புறமும் அப்புறமும் சாய்க்க வேண்டும். அவ்வாறு சாய்த்துப் பார்ப்பவர்க்கு, முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த மரகதம் கண்சிமிட்டும்.

இவ்வோவியங்களுக்கும் பெயர்க் குழப்பம் நேர்ந்தது என்பதை அறிந்தபோது நமக்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழம்பொருள் வணிகர்கள் இவற்றைத் 'திபெத்திய' ஓவியங்கள் என்று சொல்லி விற்றனர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1916-இல் வெளியிட்ட 'ராஜபுத்திர ஓவியம்' என்னும் தம் ஆங்கில நூலில் இவற்றை ஜம்முப் பிரிவில் வைத்து ஆராய்ந்தார். பசோலி என்னும் ஊர்ப்பெயரால் இவற்றை வழங்கும் வழக்கம் அதன் பின்னரே நிலைபெற்றது. 2023-இல் பசோலி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உரிய பெயர் உரிய பொருளுக்கு வந்துசேர இத்தனை காலம் ஆயிற்று.

வண்டின் சிறகை நகையாகக் கண்டவர் நம் நாட்டவர் மட்டுமல்லர். ஜப்பானின் நாரா நகரை அடுத்த ஹோரியூ-ஜி என்னும் பௌத்தப் பள்ளியில், 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தாலான சிறு ஆலயம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. ஆளுயரத்தினும் சற்று உயர்ந்த அதன் பெயர் 'தாமாமுஷி ஆலயம்'. அந்நாட்டு மொழியில் 'தாமா' என்பது மணி. 'முஷி' என்பது பூச்சி. துளைவேலை செய்த பொன்முலாம் பூசிய செப்புத் தகடுகளின் அடியில் இவ்வண்டின் சிறகுகளைப் பரப்பி, துளைகளின் வழியே பச்சை ஒளி தெரியும்படி செய்திருந்தனர். இன்று அச்சிறகுகளிற் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. அந்த ஆலயத்தின் பலகை ஒன்றில், பசித்த புலிக்குத் தன் உடலையே இரையாக ஈந்த போதிசத்துவரின் கதை தீட்டப்பட்டுள்ளது. நம் நாட்டுக் கதை கடல் கடந்து சென்று வண்டின் ஒளிக்கு அருகே இடம் பெற்றது எண்ணி மகிழத்தக்கது.

ஜப்பானியர் இவ்வண்டிலிருந்து ஒரு மரபுத்தொடரையும் ஆக்கிக்கொண்டனர். பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறுவதால், படிப்பவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியபடி பொருள் கொள்ளுமாறு எழுதப்படும் வாசகத்தைத் 'தாமாமுஷி நிறம்' உடையது என்பர். அரசாங்கக் கடிதங்களை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நமக்கு இத்தொடர் மிகவும் பிடித்துவிட்டது. அந்நிறத்திற் பல கோப்புகளை நாமும் பார்த்ததுண்டு.

இனி ஆடைக்கு வருவோம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நம் நாட்டில் மல்மல் துணியின்மேல் பொற்சரிகையோடு வண்டின் மேற்சிறகுகளையும் தைத்துப் பூவேலை செய்யும் தொழில் நடந்துவந்தது. சிறகின் ஓரத்தில் ஊசியால் துளையிட்டு, இலை வடிவாகவும் இதழ் வடிவாகவும் அமைத்துத் தைப்பர். அரண்மனை மகளிர்க்காகத் தொடங்கிய இவ்வேலை, பின்னர் ஐரோப்பிய மாதர் வாங்கும் ஏற்றுமதிச் சரக்காயிற்று. 1903-இல் தில்லித் தர்பாரை ஒட்டிச் செங்கோட்டையில் நடந்த நடன விருந்தில், வைசிராயின் மனைவி கர்சன் சீமாட்டி மயிற்பீலிக் கோலம் அமைந்த ஆடை ஒன்றை அணிந்து வந்தார். துணியின் சரிகை வேலை இந்தியக் கைவினைஞர் செய்தது. ஆடையாகத் தைத்தது பாரிசு நகரத்து உவொர்த் நிறுவனம். ஒவ்வொரு பீலியின் கண்ணிலும் ஒரு வண்டின் சிறகு பதிந்திருந்தது. இன்று அவ்வாடை இங்கிலாந்தில் கெடில்ஸ்டன் மாளிகையில் உள்ளது.

அதற்கும் முன்னர், 1888-இல் இலண்டன் நாடக மேடையில் எலன் டெர்ரி என்னும் புகழ்பெற்ற நடிகை 'மாக்பெத்' நாடகத்தில் சீமாட்டி வேடம் பூண்டபோது அணிந்த ஆடையில் ஏறத்தாழ 1,000 வண்டுச் சிறகுகள் தைக்கப்பட்டிருந்தன. பாம்பின் செதில் போலவும் போர்வீரனின் இரும்புச் சட்டை போலவும் அது விளங்கவேண்டும் என்பது கருத்து. அக்கோலத்தில் அவரைச் சார்ஜென்ட் என்னும் ஓவியர் 1889-இல் தீட்டிய படம் இலண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை. ஆடை 2011-இல் செப்பனிடப்பட்டுப் பழைய ஒளியுடன் மீண்டும் காட்சிக்கு வந்தது.

இவ்வாடைகளைப் பற்றி எழுதுவோரிற் சிலர், வண்டு தன் சிறகைத் தானே உதிர்க்கும். அதைப் பொறுக்கியே ஆடையில் தைத்தனர் என்று எழுதுவதைக் காண்கிறோம். கேட்பதற்கு இனிமையான செய்திதான். ஆனால் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த எந்தச் சிறுவனும் இதை ஒப்பமாட்டான். பாம்பு சட்டையுரிப்பதுபோல் வளர்ந்த வண்டு எதையும் உரிப்பதில்லை. உயிரோடிருக்கும் வரை அதன் மேற்சிறகு உடலோடு ஒட்டியே இருக்கும். சிறகு கிடைக்கவேண்டுமானால் வண்டு இறந்திருக்க வேண்டும்; தானாக இறந்ததா, பிடித்துக் கொல்லப்பட்டதா என்பதே கேள்வி. ஓவியத்தையும் ஆடையையும் அருகிருந்து பார்த்தவர்கள் சிறகை மட்டுமே அறிந்திருந்தனர். வண்டை அறியவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

அறிவியலார் வண்டை எவ்வாறு கண்டனர் என்பதையும் நோக்குவோம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உயிர்களுக்கு இலத்தீனில் இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர். அவருடைய மாணவர் ஃபாப்ரீசியஸ், பூச்சிகளைப் பகுத்துப் பெயரிடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். லின்னேயசின் மற்றொரு மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் திரட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய பூச்சிகளிற் பலவற்றுக்கு ஃபாப்ரீசியசே பெயரிட்டார். நம் ஊரிற் பொன்வண்டு என்று வழங்கும் வண்டுகளுள் ஒன்றுக்கு அவர் 1775-இல் 'கிரைசிஸ்' என்று பெயர் சூட்டினார். பொன்னைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஐரோப்பியப் பேரறிஞரும் நம் வேலங்காட்டுச் சிறுவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பெயரைத் தேர்ந்தனர். அகராதியை நம்பிய மொழிபெயர்ப்பாளரே வழி தவறினார்!

இன்று இவ்வண்டுக் குடும்பத்தில் ஏறத்தாழ 15,000 இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவற்றின் புழுக்கள் மரத்துக்குள் துளைத்து வாழ்பவை. நம் பொன்வண்டின் இனமோ வேறு வழியைக் கைக்கொண்டது. அதன் புழு மண்ணுக்குள் வாழ்ந்து வேர்களைத் தின்று வளர்கிறது. நாம் மரத்திற் காணும் வண்டு அதன் வாழ்வின் கடைசிச் சில வாரங்களையே வெளிச்சத்திற் கழிக்கிறது. அதற்கு முன் நீண்ட காலம் நம் காலடியிலேயே இருந்திருக்கிறது, நாம் அறிந்ததில்லை.

அதன் ஒளிக்குக் காரணம் யாது என்னும் கேள்வியும் அறிவியலாரை நெடுநாள் அலைக்கழித்தது. ஒளியின் வேகத்தை நுட்பமாக அளந்த அமெரிக்க அறிஞர் மைக்கேல்சன் 1911-இல் வண்டுகளையும் பறவைகளையும் ஆராய்ந்து, உலோகம் ஒளியைத் திருப்புவது போன்ற தன்மையே பெரும்பாலானவற்றின் மினுக்கத்துக்குக் காரணம் என்று கருதினார். மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னரே உண்மை துலங்கிற்று. மேற்சிறகின் வெளித்தோல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மிக மெல்லிய தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றின் தடிமனும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒத்தது. சோப்பு நுரையின் மேல் வண்ணங்கள் ஓடுவதை நாம் அறிவோம்; அங்கே ஒரே படலம் செய்யும் வேலையை இங்கே பல தகடுகள் சேர்ந்து செய்கின்றன. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடிப் பச்சையை ஓங்கச் செய்கின்றன. சாய்த்துப் பார்த்தால் நீலத்தின் பக்கம் நகர்கின்றன. இங்கே வெளுத்துப் போவதற்குச் சாயம் என்று ஒன்று இல்லை. தகடுகளின் அமைப்புக் கெடாத வரை நிறமும் கெடுவதில்லை. பசோலியின் மரகதமும் ஹோரியூ-ஜியில் எஞ்சிய சிறகும் இன்றளவும் ஒளிர்வதன் காரணம் இதுவே.

எவ்வாறு ஒளிர்கிறது என்பதற்கு விடை கிடைத்தது. எதற்காக ஒளிர்கிறது என்பது மற்றொரு கேள்வி. ஓவியர்க்கும் அரசவை மாதர்க்கும் இதில் ஐயமே எழுந்ததில்லை. மணி ஒளிர்வது பிறர் காண்பதற்காக அன்றோ? வண்டும் தன் துணையைக் கவரவோ பறவையை அச்சுறுத்தவோ ஒளிர்கிறது என்று பலர் கருதினர். 1909-இல் அமெரிக்க ஓவியர் ஏபட் தேயர், தம் கண்டுபிடிப்புகளை விளக்கித் தம் மகனைக் கொண்டு வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறான கருத்தைச் சொன்னார்: நிலைகொள்ளாது மாறும் ஒளி உயிரைக் காட்டிக்கொடுப்பதில்லை, மறைக்கிறது! காடுகளில் திரிந்து உயிர்களைத் தூரிகைக்காரனின் கண்ணால் நோக்கியவர் அவர். ஆனால் அவர் அத்தோடு நில்லாமல், அந்திச் செவ்வானத்தில் மறையவே பூநாரைக்குச் செந்நிறம் அமைந்தது என்பது போன்ற வாதங்களையும் அடுக்கினார். முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே எழுதுகோல் எடுத்து அவரைக் கடுமையாகச் சாடினார். தேயரின் மிகைகளோடு அவர் சொன்ன உண்மையும் சேர்ந்து ஒதுக்கப்பட்டது.

111 ஆண்டுகள் கழித்து, 2020-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இதைக் காட்டிலேயே வைத்துச் சோதித்தனர். நம் பொன்வண்டின் நெருங்கிய உறவான ஆசிய வண்டு ஒன்றின் மேற்சிறகுகளை எடுத்து, அவற்றின் அடியில் புழுவை இரையாக வைத்து, இலைகளின்மேல் பொருத்தினர். ஒப்பிடுவதற்காக, நிறம் மாறாத ஒரே வண்ணச் சிறகுகளையும் அவ்வாறே வைத்தனர். காட்டுப் பறவைகள் எவற்றைக் கொத்தின என்று எண்ணிப் பார்த்தபோது, ஒளிமாறும் சிறகுகளே மிகுதியாகத் தப்பியிருந்தன. மனிதரை அதே பாதையில் நடக்கவிட்டுத் தேடச் சொன்னபோதும் அவர்கள் அவற்றையே மிகுதியாகத் தவறவிட்டனர். பளபளப்பான இலையின்மேல் இருந்தவற்றைக் காண்பது மேலும் அரிதாயிற்று. ஈரமும் வெயிலும் கலந்த இலைக்கூட்டத்தில் எங்கும் ஒளித்துளிகள் மின்னுகின்றன. அவற்றினிடையே வண்டின் உருவம் சிதறிக் கரைந்துபோகிறது.

ஆகவே நகை என்று நாம் கொண்டாடியது வண்டுக்குப் போர்வை. இலையிலிருந்து பெயர்த்து உள்ளங்கையில் வைத்தபோதுதான் அது மணியாயிற்று. தாளிலும் துணியிலும் கோயிற் பலகையிலும் அதைப் பார்த்தவர்க்கு இவ்வுண்மை தோன்றாதது வியப்பன்று. ஆனால் வேலமரத்தடியில் நின்ற சிறுவர் இதன் பாதியை அறிந்தே இருந்தனர். ஒரு கிளையை மும்முறை பார்த்தும் காணாத வண்டு, நான்காம் முறை கண்ணுக்கெதிரே இருப்பது நம் எல்லோருடைய அனுபவமும் அன்றோ? அது எந்த இலையை விரும்பித் தின்னும், எந்தப் பருவத்தில் வரும், அரிசியினும் பருத்த அதன் முட்டை எத்தகையது, தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கீழே விழுவது எங்ஙனம் என்பனவெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவ்வறிவை ஏட்டில் எழுதுவார் இல்லை. எழுதியிருக்க வேண்டிய நம்மிற் பலர் ஊரைவிட்டு வந்துவிட்டோம். வந்த இடத்தில் பெயரையும் மறந்தோம். சிறுவரும் குற்றமற்றவர் அல்லர். நம் தீப்பெட்டியில் எத்தனை வண்டுகள் இலை வாடியும் காற்றின்றியும் மடிந்தன என்பதை நினைத்தால் இப்போது மனம் குன்றுகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நேயர்கள் இதை ஓர் இழப்பாகவே எண்ணவேண்டுவதில்லை. பொன்வண்டின் குடும்பம் இந்தியா முழுவதும் பரவியது. மழைக்காலத்தில் ஊர்ப்புறத்து முட்காடுகளை, குறிப்பாக வேலமர வகைகளை நாடிச் செல்லுங்கள். காலைக் குளிரில் வண்டு சோம்பியிருக்கும். வெயில் ஏறினால் சுறுசுறுப்படைந்து சிறிய அரவத்திலும் பறந்துவிடும். ஆதலால் முற்பகலின் தொடக்கம் நல்ல வேளை. கிளையை உலுக்கலாகாது, உலுக்கினால் வண்டு புல்லில் விழுந்து மறையும். முதலில் கடிபட்ட இலைகளைத் தேடுங்கள். பின்பு ஓரிடத்தில் நின்று தலையை மட்டும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பசோலி ஓவியத்துக்குச் சொன்ன அதே முறைதான். மற்ற ஒளித்துளிகள் அணைந்து எரியும்போது, வண்டின் பச்சை நீலமாகி மீண்டும் பச்சையாகும். கண்டவுடன் நாள், நேரம், மரத்தின் பெயர், வானிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி வேண்டா, குறிப்பேடு போதும். பல ஊர்களிற் பல ஆண்டுகள் எழுதப்பட்ட இத்தகைய குறிப்புகளே, மழை பிந்தினால் வண்டும் பிந்துகிறதா, முன்பிருந்த இடத்தில் இப்போதும் இருக்கிறதா என்னும் கேள்விகளுக்கு விடை தரவல்லவை.

சென்ற மழைக்காலத்தில் நாமும் நம் மகளை அழைத்துக்கொண்டு தில்லிக்குத் தெற்கே அரவல்லிக் குன்றுகளின் முட்காட்டுக்குச் சென்றோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்றும் கிட்டவில்லை. மூன்றாம் முறை, நாம் பார்த்துவிட்டு நகர்ந்த கிளையிலேயே அவள் ஒன்றைக் கண்டாள். ஆவலில் அவள் கை பட்டுவிட, வண்டு காலை மடக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. "செத்துப்போச்சா, அப்பா?" என்று அவள் குரல் தழுதழுத்தது. "பேசாமல் நில், அம்மா, பார்க்கலாம்" என்றோம். இருவரும் அசையாது நின்றோம். சில நிமிடங்கள் கழித்து ஒரு கால் நீண்டது, பின்பு மற்றொன்று. வண்டு புரண்டெழுந்து, ஒரு புல்லின்மேல் ஏறி நின்று, சிறகை விரித்து மரத்தை நோக்கிப் பறந்தது. மரத்தில் அமர்ந்த கணமே அது நம் இருவர் கண்ணிலிருந்தும் மறைந்துவிட்டது.

அவள் கையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து, நாளையும் நேரத்தையும் எழுதி, "பேர் என்ன போடட்டும்?" என்று கேட்டாள். சொன்னோம். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதிக் காட்டினாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.